காசு, காயம், கேரக்டர்

ஆங்கிலத்தில் ஒரு சொல் இருக்கிறது. தமிழில் எழுதினால் அது பணமாகிவிடும். ஆழமாக, நீளமாக, வாய் பிளந்து கிடக்கும் வெட்டுக்காயத்துக்கு அவர்கள் வைத்த பெயர் அது. நம் வழக்கப்படி எழுதினால் 'கேஷ்' என்றுதான் எழுத வேண்டும். படிப்பவர் கண்ணுக்கு உடனே கல்லாப்பெட்டி தெரியும். ஒரே ககரத்தை வைத்துக்கொண்டு இத்தனை நூற்றாண்டு சமாளித்த நமக்கு இந்த மாதிரி இடங்களில்தான் கால் இடறுகிறது. ஆகவே இந்தக் கட்டுரை முழுக்க 'காஷ்' என்றே எழுதுகிறேன். முதல் எழுத்தை 'கங்கை'யின் இரண்டாவது ககரம்போல ஒலித்துக்கொள்ளுங்கள்.

பணத்தைக் குறிக்கும் கேஷுக்கும் காயத்தைக் குறிக்கும் காஷுக்கும் பிறப்பில் உறவு கிடையாது. பணம் வைக்கும் பெட்டிக்குப் பிரெஞ்சில் இருந்த பெயர்தான் கேஷ் ஆனது. ஆனால் ஆங்கில அகராதிகளில் அதே எழுத்துக்கூட்டலில் இன்னொரு கேஷும் உண்டு. இந்தியாவிலும் சீனாவிலும் புழங்கிய சல்லிக்காசு அது. அந்தக் கேஷ் நம்முடைய 'காசு'தான். போர்த்துக்கீசியர் வாயில் நுழைந்து ஆங்கிலேயர் வாயில் வெளியே வந்தது. 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையோரம் குட்வின் மணல்திட்டில் 'அட்மிரல் கார்டனர்' என்ற கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல் மூழ்கியது. சென்னை மாகாணத்துக்காக அடித்த பத்துக் காசு, இருபது காசுச் செப்பு நாணயங்கள் பீப்பாய் பீப்பாயாக அதில் இருந்தன. 1980களில் முக்குளிப்போர் அள்ளிவந்த அந்த நாணயங்களில் நம் சொல் ஆங்கில எழுத்தில் இன்றும் தெளிவாக இருக்கிறது. காசை இங்கே ஓரமாக வைத்துக்கொள்வோம். காயத்தின் கதையில் அதற்கு வேலை இருக்கிறது.

காஷ் என்ற சொல்லுக்குள் ஒரு காலத்தில் ரகரம் ஒன்று இருந்தது. 13ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் இதன் வடிவம் 'கார்ஸ்'. சகர ஒலிக்கு முன்னால் வந்து நிற்கும் ரகரத்தை ஆங்கில நாக்கு அடிக்கடி விழுங்கிவிடும். வெடித்தலைக் குறிக்கும் 'பர்ஸ்ட்' பேச்சில் 'பஸ்ட்' ஆனது. திட்டுதலைக் குறிக்கும் 'கர்ஸ்' கொச்சையில் 'கஸ்' ஆனது. 'பார்ஸ்' என்ற மீன் 'பாஸ்' ஆனது. பின்பக்கத்தைக் குறிக்கும் ஒரு சொல்லுக்கும் இதே கதிதான். ஹாலிவுட் படம் பார்ப்பவர்களுக்கு அதை நான் விளக்க வேண்டியதில்லை. நாமும் 'பார்த்து' என்று எழுதிவிட்டு 'பாத்து' என்றுதானே பேசுகிறோம். அப்படித்தான் கார்ஸும் ரகரத்தை உதறி, கடைசி ஒலியைத் தடிப்பாக்கிக்கொண்டு, 16ஆம் நூற்றாண்டில் காஷ் ஆகி நின்றது. அடுத்த தலைமுறையில் ஷேக்ஸ்பியர் கையில் கிடைத்தது. 'மாக்பெத்' நாடகத்தின் தொடக்கத்தில் ரத்தம் சொட்ட வரும் படைத்தலைவன், தன் காயங்களே வாய்விட்டு உதவி கேட்பதாகச் சொல்கிறான். பிளந்த காயம் வாய்போல இருக்கிறது என்ற எண்ணம் அவருக்கு மிகவும் பிடித்திருக்க வேண்டும். வேறு நாடகங்களிலும் காயங்கள் பேசுகின்றன, கொட்டாவி விடுகின்றன.

எழுத்தில் ஒன்றாக இருந்து பொருளில் ஒட்டாத காஷ்களும் உண்டு. ஸ்காட்லாந்தில் காஷ் என்றால் விவேகி, சூட்டிகையான ஆள். ராபர்ட் பர்ன்ஸ் 1786இல் வெளியிட்ட இரு நாய்களின் உரையாடல் கவிதையில் ஓர் உழவனின் நாய்க்கு இந்தப் பட்டம் கிடைக்கிறது. அந்த நாய்க்குக் காயம் எதுவும் இல்லை, அறிவுதான் இருந்தது. பிரிட்டிஷ் கடற்படையிலோ காஷ் என்பது குப்பை. கப்பலில் கொட்டிவிடும் மிச்சம் மீதிக்கு அந்தப் பெயர். கொச்சையில் மூன்றாவது ஒரு பொருளும் இருக்கிறது. பெண்ணை இழிவுபடுத்தும் அந்தச் சொல்லை ஆண்கள் உருவாக்கியிருக்கிறார்கள் என்பதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

மூலக்கதைக்குத் திரும்புவோம். கார்ஸ் ஆங்கிலத்துக்குள் வந்தது வட பிரான்சின் பேச்சிலிருந்து. அங்கே அதன் பொருள் விபத்தில் பட்ட காயம் அல்ல, வைத்தியர் போடும் கீறல். ரத்தம் எடுப்பதற்காகத் தோலில் வரிசையாகக் கீறுவதைத்தான் அந்த வினைச்சொல் குறித்தது. ஒலிம்பிக் நீச்சல் வீரர் மைக்கேல் பெல்ப்ஸின் முதுகிலும் தோளிலும் 2016இல் ஊதா நிற வட்டங்களைப் பார்த்தது நினைவிருக்கலாம். அது கப்பிங் என்ற பழைய வைத்தியத்தின் உலர்ந்த வகை. கண்ணாடிக் கிண்ணத்துக்குள் தீச்சுடரைக் காட்டிவிட்டு உடலில் கவிழ்ப்பார்கள். உள்ளே இருக்கும் காற்று ஆறும்போது அழுத்தம் குறையும். தோல் பணியாரம்போல உப்பி மேலே வரும். ஈர வகையில் அதோடு விடமாட்டார்கள். கிண்ணத்தை எடுத்து, உப்பிய இடத்தில் மெல்லிய கீறல்களைப் போட்டு, மறுபடியும் கவிழ்ப்பார்கள். கிண்ணம் ரத்தத்தை உறிஞ்சும். கை நடுங்கும் வைத்தியர்களுக்காகவோ என்னவோ, 18ஆம் நூற்றாண்டில் இதற்கு ஒரு பித்தளைப் பெட்டியே வந்துவிட்டது. விசையைத் தட்டினால் பத்துப் பன்னிரண்டு சிறு கத்திகள் ஒரே நொடியில் சுழன்று கீறிவிட்டு உள்ளே போய்விடும். அருங்காட்சியகங்களில் பார்த்தால் பழைய கடிகாரத்தின் உறுப்பு என்றே நினைப்போம்.

பிரான்சின் வடக்கே ககர ஒலியோடு இருந்த இந்தச் சொல் பாரிஸ் பக்கம் ஜகரமாக ஒலித்தது. தோட்டத்தை ஆங்கிலம் 'கார்டன்' என்கிறது, பிரெஞ்சு 'ஜார்தேன்' என்கிறது. அதே பிளவுதான் இதுவும். அந்தப் பாரிஸ் கிளை இன்றும் உயிரோடு இருக்கிறது. குளிர்காலத்தில் உதடு வெடித்தால் பிரெஞ்சுக்காரர்கள் சொல்லும் சொல் அதுதான். ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு சொற்களில் ஒன்று இங்கிலாந்துக்குப் போய் அரிவாள் வெட்டானது. இன்னொன்று பிரான்சிலேயே தங்கி, தேங்காய் எண்ணெய் தடவினால் ஆறிவிடும் உதட்டு வெடிப்பானது.

பிரெஞ்சுக்கும் முன்னால் போனால் பிற்கால லத்தீனில் 'கராக்ஸாரே' என்ற வினை வருகிறது. கீறுவதும் எழுதுவதும் அந்த ஒரே வினைக்குள் இருந்தன. கி.பி. 348இல் ஸ்பெயினில் பிறந்த புரூடென்டியஸ் என்ற கிறிஸ்தவக் கவிஞர் இந்த இரட்டைப் பொருளை ஈவிரக்கமில்லாமல் பயன்படுத்தினார். அந்தியோக்கியாவில் ரோமானுஸ் என்ற வேதசாட்சியைச் சித்திரவதை செய்யும் காட்சியில், சேவகன் இரும்புக் கொக்கியால் அவர் கன்னங்களைக் கிழிக்கிறான். அங்கே கவிஞர் போடும் வினை கராக்ஸாரே. கொக்கிகள் எழுதுகின்றன, கன்னம் ஏடாகிறது.

அவர் சொல்லும் இன்னொரு கதை அதைவிடக் கொடுமை. இத்தாலியின் இமோலா ஊரில் காசியன் என்றொரு வாத்தியார். சுருக்கெழுத்து சொல்லிக்கொடுப்பவர், கண்டிப்பானவர். ரோமத் தெய்வங்களை வணங்க மறுத்ததால் அவருக்கு மரண தண்டனை. அதை நிறைவேற்றும் பொறுப்பு அவருடைய மாணவர்களிடமே ஒப்படைக்கப்பட்டது. அந்தக் காலத்துப் பிள்ளைகள் மெழுகு பூசிய பலகையில் இரும்பு எழுத்தாணியால் கீறித்தான் பாடம் எழுதினார்கள். கையில் வேறு ஆயுதம் எதற்கு? பலகையை அவர் தலையில் உடைத்தார்கள், எழுத்தாணியால் குத்தினார்கள், கீறினார்கள். நீங்கள் கொடுத்த இரும்புதானே ஐயா, நீங்கள் கற்றுக்கொடுத்த எழுத்துதானே, பிழை இருந்தால் திருத்துங்கள் என்று ஒரு மாணவன் கேலி செய்வதாகப் புரூடென்டியஸ் எழுதுகிறார். அடி வாங்கிப் படித்த எவருக்கும் அந்த வரியைப் படிக்கும்போது ஒரு கணம் உள்ளுக்குள் ஏதோ அசையும். அதை நினைத்து உடனே வெட்கமும் வரும்.

அந்த எழுத்தாணியின் லத்தீன் பெயர் 'ஸ்டிலுஸ்'. ஒருவர் எழுத்தாணியைப் பிடிக்கும் விதம் அவர் எழுதும் விதமாகி, எழுதும் விதம் நடக்கும் விதமும் சிகரெட்டைத் தூக்கிப்போடும் விதமுமாகி, நம் ஊர் 'ஸ்டைல்' வந்தது. அதன் இணைபிரியாத தோழன் 'கேரக்டர்'. அதுதான் காஷின் உடன்பிறப்பு.

லத்தீன் கராக்ஸாரே, கிரேக்க 'கராஸ்ஸேன்' என்ற வினையிலிருந்து வந்தது. கூராக்குதல், கீறுதல், செதுக்குதல் எல்லாம் அதற்குப் பொருள். கோட்டை அரணில் நடும் கூர்முனைக் கழிக்கு 'கராக்ஸ்' என்று பெயர். இன்றைய கிரேக்கத்தில் பள்ளிப் பிள்ளைகள் கோடு போடும் அடிக்கோலுக்கும் பெயர் இந்த வேரில்தான். எனக்கு மிகவும் பிடித்தது அவர்கள் விடியலைச் சொல்லும் விதம். கிரேக்கத்தில் இன்றும் பொழுது 'கீறுகிறது' என்றுதான் சொல்வார்கள். இருட்டில் யாரோ உளியால் ஒரு கோடு இழுத்துவிட்டதுபோல. தமிழில் 'ஒளிக்கீற்று' என்று எத்தனை முறை எழுதியிருக்கிறோம், அந்தக் கீற்றுக்குள் ஒரு கீறல் இருப்பதைப் பார்த்தோமா?

அந்த வினையிலிருந்து பிறந்த பெயர்ச்சொல் 'கரக்தேர்'. முதலில் செதுக்குபவனையும் செதுக்கும் கருவியையும் குறித்தது. பிறகு குறிப்பாக நாணயம் அடிக்கும் அச்சையும், அந்த அச்சு பதித்த முத்திரையையும். பட்டறைக்கல்லில் ஓர் அச்சு தலைகீழாகச் செதுக்கிப் பதித்திருக்கும். அதன்மேல் வெள்ளி வில்லையை வைத்து, மேலே இன்னோர் அச்சைக் கையால் பிடித்து, சம்மட்டியால் ஓங்கி ஓர் அடி. ஏதென்ஸில் அப்படித்தான் ஒரு பக்கம் ஆதீனா தேவியும் மறு பக்கம் ஆந்தையும் பதிந்த பதினேழு கிராம் வெள்ளிக்காசு பிறந்தது. மத்தியதரைக்கடல் முழுக்க மதிப்போடு புழங்கியது.

மதிப்பு இருந்தால் போலியும் இருக்கும். உள்ளே செம்பு, வெளியே வெள்ளித் தகடு. கண்ணுக்கு ஆந்தை ஆந்தையாகவே தெரியும். முத்திரையை நம்ப முடியாதபோது வியாபாரி என்ன செய்வான்? உளியை எடுத்துக் காசின் மேல் ஒரு வெட்டுப் போடுவான். உள்ளேயும் வெள்ளி தெரிந்தால் நல்ல காசு. இன்று அருங்காட்சியகங்களில் இருக்கும் ஏதென்ஸ் ஆந்தைகள் பலவற்றின் முகத்தில் இப்படி ஆழமான வெட்டு இருக்கிறது. நாணயம் சேகரிப்பவர்களுக்கு அது மனவருத்தம். எனக்கோ அதில்தான் கதை இருக்கிறது. ஒரே காசில் கரக்தேரும் இருக்கிறது, காஷும் இருக்கிறது. ஒரே வேரில் பிறந்த இரண்டு சொற்கள் ஒரே வெள்ளித்துண்டில் சந்தித்துக்கொள்கின்றன. ஒன்று நான் உண்மை என்று சொல்கிறது, மற்றொன்று அதைச் சோதித்துப் பார்க்கிறது.

ஏதென்ஸில் இதற்குச் சட்டமே இருந்தது. 1970இல் பழைய சந்தைத்திடலில் கிடைத்த ஒரு கல்வெட்டு, கி.மு. 375 வாக்கில் நிக்கோபோன் என்பவர் கொண்டுவந்த சட்டத்தைச் சொல்கிறது. வட்டிக்கடைகள் இருக்கும் இடத்தில் அரசு அடிமை ஒருவன் உட்கார்ந்து நாணயங்களைச் சோதிக்க வேண்டும். நல்லதென்றால் வாங்கியே ஆக வேண்டும். உள்ளே செம்போ ஈயமோ இருந்தால் அங்கேயே வெட்டிப்போட்டு, தெய்வங்களின் தாய்க்கு உரியதாக்கிவிட வேண்டும். வேலை செய்யாவிட்டால் அந்த அடிமைக்கு ஐம்பது சவுக்கடி. உண்மையைக் கண்டுபிடிக்கும் பொறுப்பை ஓர் அடிமையிடம் கொடுத்துவிட்டு, அவன் முதுகில் கீறல் போடவும் ஏற்பாடு செய்திருந்தார்கள்.

இந்தச் சட்டத்துக்கு அரை நூற்றாண்டு முன்பே, கி.மு. 431இல், யூரிப்பிடிஸின் நாடக நாயகி மீடியா மேடையில் நின்று ஒரு கேள்வி கேட்டுவிட்டாள். அவளைக் கைவிட்டுவிட்டு இன்னொருத்தியைக் கட்டிக்கொண்ட கணவன் எதிரில் நின்று சாமர்த்தியமாகப் பேசிக்கொண்டிருக்கிறான். பொன்னில் போலியைக் கண்டுபிடிக்க அடையாளம் வைத்த தெய்வமே, கெட்டவனைக் கண்டுபிடிக்க மனித உடம்பில் ஏன் ஒரு முத்திரையும் வைக்கவில்லை என்பது அவள் கேள்வி. முத்திரை என்ற இடத்தில் அவள் சொல்லும் சொல் கரக்தேர். அச்சடிக்கும் பட்டறையிலிருந்து இந்தச் சொல் மனிதனுடைய குணத்தை நோக்கி நகர்வதை அந்த இடத்தில் பார்க்கலாம். இன்னும் குணம் என்ற பொருள் வரவில்லை, ஆனால் வரப்போகிறது.

சங்கத் தமிழரிடம் கேட்டிருந்தால் மீடியாவுக்குப் பாதி விடையாவது கிடைத்திருக்கும். மார்பில் பட்டால் விழுப்புண், முதுகில் பட்டால் புறப்புண். காயம் எங்கே இருக்கிறது என்பதுதான் முத்திரை. வெண்ணிப் போரில் கரிகாலனிடம் தோற்ற சேர மன்னன், மார்பில் பாய்ந்த வேல் முதுகு வரை போய்விட்டது என்பதற்காகவே நாணி வடக்கிருந்து உயிர்விட்டான் என்று புறநானூறு சொல்கிறது. முன்னால் பட்ட காயம்தான். பின்னாலும் ஒரு வாய் திறந்துவிட்டது. பார்ப்பவர்கள் எந்தப் பக்கத்தைப் படிப்பார்கள் என்ற கவலை அவனுக்கு.

அரிஸ்டாட்டிலின் மாணவர் தியோபிராஸ்டஸ் முப்பது வகை மனிதர்களைப் பற்றி ஒரு சிறுநூல் எழுதினார். கஞ்சன், முகத்துதி பாடுபவன், வாயாடி, மூடநம்பிக்கைக்காரன் என்று வரிசையாக வருவார்கள். நூலின் பெயரில் கரக்தேர் இருந்தது. தாவர இயலுக்கு அடித்தளம் போட்டவரும் அவர்தான். செடிகளை வகைப்படுத்திய கண்ணோடு மனிதர்களையும் பார்த்திருக்கிறார். 17ஆம் நூற்றாண்டு ஆங்கில எழுத்தாளர்கள் அந்த நூலைப் பார்த்து ஏராளமாக எழுதித் தள்ளினார்கள். அதற்குள் ஆங்கிலத்தில் கேரக்டர் என்ற சொல் இடைக்காலம் தொட்டே இருந்துவந்தது. உடலில் சூடு வைத்த அடையாளம், பிறகு எழுத்து என்று பொருள்பட்டது. அதன்மேல் குணம் ஏறியது, கடைசியாக நாடகப் பாத்திரம் வந்தது. நம் ஊருக்கு எல்லாம் மொத்தமாக வந்து சேர்ந்தன. 'அவன் கேரக்டர் சரியில்லை' என்கிறோம், 'படத்தில் அம்மா கேரக்டர்' என்கிறோம். கல்லூரியை விட்டு வரும்போது கேரக்டர் சர்டிபிகேட் வாங்குகிறோம். முதல்வர் கையெழுத்துப் போட்டதும் எழுத்தர் அதன்மேல் வட்ட முத்திரையை ஓங்கிக் குத்துவாரே, அந்தக் குத்தல்தான் அசல் கரக்தேர். முத்திரை விழாத சான்றிதழை இன்றும் யாரும் மதிப்பதில்லை.

கீறல் எழுத்தாவது கிரேக்கத்தில் இந்த ஒரு சொல்லோடு நிற்கவில்லை. போட்டோகிராபி முதல் கிராஃப் வரை எல்லாவற்றிலும் இருக்கும் 'கிராஃபேன்' பிற்காலத்தில் எழுதுதல் என்று பொருள்பட்டது. ஆனால் ஹோமரின் இலியட்டில் அந்த வினை போர்க்களத்தில் வருகிறது. பதினேழாம் பகுதியில் பெனலியஸ் என்ற வீரனின் தோளில் எதிரியின் ஈட்டி உரசிக்கொண்டு போகிறது. எலும்பு வரை அந்த ஈட்டி முனை கீறியதாகச் சொல்லும் இடத்தில் நிற்பது கிராஃபேன்தான். பிற்காலத்துக் கிரேக்கச் சிறுவன் ஒருவன் பள்ளியில் அதை வாசித்திருந்தால், ஈட்டி எலும்பில் எழுதிவிட்டுப் போனது என்றே அவன் காதில் விழுந்திருக்கும். ஆங்கிலத்தின் 'ரைட்'டும் பழைய ஆங்கிலத்தில் கீறுதல்தான். அதன் ஜெர்மன் பங்காளி இன்னும் கிழித்தல் என்ற பொருளிலேயே இருக்கிறது. வைத்தியர் கீறுவதற்கான லத்தீன் சொல்லோ கோட்டோவியம் வரையும் கோலின் கிரேக்கப் பெயரிலிருந்து வந்தது. கத்தியும் பேனாவும் இத்தனை முறை பெயர் மாற்றிக்கொண்டதற்குக் காரணம் எளிது. மை பிறகு வந்தது. முதலில் இருந்தது கல், ஓடு, மெழுகு, பட்டை. அவற்றில் எதையாவது நிற்கவைக்க வேண்டுமென்றால் காயப்படுத்தித்தான் ஆக வேண்டும்.

இதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. கல்லில் வெட்டியதைக் கல்வெட்டு என்கிறோம். பனையோலையில் எழுத்தாணி மை தொட்டு எழுதவில்லை, கீறியது. கீறி முடித்ததும் ஓலையில் ஒன்றும் தெரியாது. கரியையும் மஞ்சளையும் இலைச்சாற்றையும் கலந்து தடவித் துடைத்தால், பள்ளத்தில் மட்டும் கருமை தங்கி எழுத்து எழுந்து வரும். மையாடல் என்று அதற்குப் பெயர். பிள்ளைக்குப் புது ஏடு கொடுக்கும்போது அதைச் சடங்காகவே செய்தார்கள். புண்ணுக்கும் அதே மஞ்சளைத்தான் அப்பினோம்.

சரி, தோலுக்கு வருவோம். மருத்துவர்கள் காஷ் என்று எழுத மாட்டார்கள். அவர்களுக்குக் காயத்தின் விளிம்பு முக்கியம். கூர்மையான கத்தி பட்டால் விளிம்பு நேராக, துப்புரவாக இருக்கும். மழுங்கிய பொருள் மோதித் தோல் கிழிந்தால் விளிம்பு பிசிறடித்து, காயத்தின் குறுக்கே நரம்பும் ரத்தநாளமும் அறுபடாமல் நூல்போல நிற்கும். முன்னதை வெட்டுக்காயம், பின்னதைக் கிழிகாயம் என்று பிரிக்கிறார்கள். இறந்தவரின் உடம்பில் அந்த நூலைப் பார்த்துத்தான் தடயவியல் மருத்துவர் அரிவாளா, கட்டையா என்று சொல்கிறார். சாட்சிகள் வேறு மாதிரி சொன்னாலும் விளிம்பு மாற்றிச் சொல்லாது.

ஷேக்ஸ்பியர் பார்த்த அந்தக் கொட்டாவிக்கும் காரணம் உண்டு. நம் தோல் உடம்பின் மேல் சும்மா போர்த்தியிருக்கவில்லை, முரசுத்தோல்போல இழுத்துக் கட்டியிருக்கிறது. எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி அல்ல. 1834இல் பாரிஸின் புகழ்பெற்ற அறுவை மருத்துவர் டுப்யூத்ரான், வட்டமான குத்தூசியால் தன்னைத்தானே மார்பில் குத்திக்கொண்ட ஒருவரைப் பார்த்தார். துளைகள் வட்டமாக இல்லை, கண் வடிவத்தில் நீண்டிருந்தன. 1861இல் வியன்னாவின் உடற்கூற்று அறிஞர் கார்ல் லாங்கர் இறந்த உடல்களில் வட்ட ஊசியால் தலை முதல் கால் வரை துளைகள் போட்டுப் பார்த்தார். ஒவ்வொரு துளையும் ஏதோ ஒரு பக்கம் நீண்டது. அந்தத் திசைகளை இணைத்தபோது நீரோட்டம்போல வளைந்து வளைந்து ஓடும் கோடுகள் உடம்பு முழுக்கத் தெரிந்தன. அந்தக் கோட்டோடு சேர்ந்து வெட்டினால் காயம் உதட்டை மூடிக்கொள்ளும். குறுக்கே வெட்டினால் இரண்டு பக்கமும் இழுபட்டு வாயைப் பிளக்கும், தழும்பும் அகலமாக விழும். அறுவை சிகிச்சைக்கு முன் சில மருத்துவர்கள் தோலைக் கிள்ளி மடித்துப் பார்ப்பது இதற்குத்தான்.

தழும்புக்கு ஆங்கிலம் சொல்லும் 'ஸ்கார்', கிரேக்கத்தில் அடுப்பைக் குறித்த சொல். சுட்ட புண்ணின் பொருக்குக்கு வந்து, பிறகு எல்லாத் தழும்புக்கும் ஆனது. ஆறிய இடம் பழைய தோல் அல்ல. பழைய தோலில் கொலாஜன் என்ற புரத இழைகள் கூடை முடைந்ததுபோலக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னியிருக்கும். அவசரத்தில் போட்ட ஒட்டுவேலையில் அவை பெரும்பாலும் ஒரே பக்கமாக அடுக்கியிருக்கும். மயிர்க்கால் முளைக்காது, வியர்வைச் சுரப்பி வராது. மூன்று மாதம் கழித்தும் பழைய தோலின் வலுவில் 80 சதவீதத்தைத் தாண்டாது.

இன்னொன்று நாம் நினைத்துப் பார்ப்பதே இல்லை. தழும்பு என்பது முடிந்துபோன வேலை அல்ல. அங்கே கொலாஜன் சிதைந்துகொண்டும் புதிதாக உருவாகிக்கொண்டும் இருக்கிறது, மற்ற தோலைவிட வேகமாக. உடம்பு அந்த எழுத்தை அழித்து அழித்து ஒவ்வொரு நாளும் திரும்ப எழுதுகிறது. எழுதுவதற்கு அதற்கு வைட்டமின் சி வேண்டும். அது இல்லாவிட்டால் கொலாஜனின் மூன்று இழைகள் கயிறாக முறுக்கிக்கொண்டு நிற்காது. அழிப்பது நடக்கும், எழுதுவது நின்றுவிடும்.

1740இல் பிரிட்டனின் ஜார்ஜ் ஆன்சன் ஆறு போர்க்கப்பல்களோடு தென் அமெரிக்காவைச் சுற்றிப் பசிபிக்கில் ஸ்பானியரைத் தாக்கப் புறப்பட்டார். ஆள் போதவில்லை. செல்சீ மருத்துவமனையின் ஓய்வூதியத்தில் வாழ்ந்த பழைய சிப்பாய்கள் 500 பேரை அனுப்பச் சொன்னார்கள். நடக்கத் தெம்பிருந்தவர்கள் கப்பலேறும் முன்பே ஓடிவிட்டார்கள். மீதி 259 பேர்தான் கப்பலுக்கு வந்து சேர்ந்தார்கள், பலர் அறுபதைத் தாண்டியவர்கள். கேப் ஹார்ன் முனையின் புயல்களில் மாதக்கணக்கில் காய்கறியோ பழமோ இல்லாமல் கிடந்தபோது, வைட்டமின் சி இல்லாமல் வரும் ஸ்கர்வி நோய் வந்தது. ஈறு அழுகியது, கால் கறுத்தது. அந்தப் பயணத்தில் ஆயிரத்துக்கும் அதிகமானோர் மாண்டார்கள். ஒரு பிரிட்டிஷ் கப்பல் மருத்துவர், ஜேம்ஸ் லிண்ட், 1747இல் பன்னிரண்டு நோயாளிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து, எலுமிச்சையும் ஆரஞ்சும் தின்ற இருவர் மட்டும் எழுந்து நடந்ததைக் காட்டினார். ஆறு ஆண்டு கழித்து வந்த தன் நூலை அவர் ஆன்சனுக்கே காணிக்கையாக்கினார்.

ஆன்சனின் பயணத்தைப் பற்றி 1748இல் வந்த புத்தகத்தில், அவருடைய 'செஞ்சூரியன்' கப்பலில் இருந்த ஒரு கிழவரைப் பற்றிச் சில வரிகள் இருக்கின்றன. பெயர் இல்லை. 1690இல் அயர்லாந்தின் பாய்ன் நதிக்கரையில் நடந்த போரில் காயம்பட்டவர். சீக்கிரமே ஆறி, ஐம்பது ஆண்டுக்கு மேல் தழும்பாகவே இருந்த காயங்கள். ஸ்கர்வி முற்ற முற்ற அவை ஒவ்வொன்றாக, ஒருநாளும் ஆறாதவைபோல வாய் திறந்துகொண்டன. எப்போதோ முறிந்து கூடியிருந்த எலும்பும் கூடிய இடத்திலேயே மறுபடி விட்டுப்போனது.